மலேரியாத் தடுப்பூசி: ஏன் இவ்வளவு தாமதம், வந்திருப்பது போதுமா?

மலேரியாத் தடுப்பூசி பற்றி எழும் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி கொண்டுவர முடிந்தபோது, மலேரியாவுக்கு மட்டும் ஏன் இத்தனை பத்தாண்டுகள் ஆயின என்பது ஒன்று. ஒருவழியாக வந்த தடுப்பூசியும் 36 சதவீதம்தான் பலன் தருகிறது என்றால், அதைக் குழந்தைகளுக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது என்பது மற்றொன்று. நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அந்த 36 என்ற எண்ணைப் பலரும் தவறாகவே படிக்கிறார்கள்.

அந்த எண் ஆர்.டி.எஸ்.எஸ். என்ற தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையிலிருந்து வந்தது. 2009 முதல் 2014 வரை புர்கினா ஃபாசோ, காபோன், கானா, கென்யா, மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய ஏழு ஆப்பிரிக்க நாடுகளில், பதினொரு மையங்களில், 15,459 குழந்தைகளிடம் அது நடத்தப்பட்டது. 5 முதல் 17 மாத வயதில் சேர்க்கப்பட்டு நான்கு தவணைகளும் பெற்ற குழந்தைகளிடம், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல்களின் எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்தது. நூற்றில் 36 குழந்தைகள் தப்பினார்கள், 64 பேருக்கு ஊசி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மலேரியா மிகுந்த பகுதிகளில் ஒரு குழந்தைக்கு ஒரே ஆண்டில் பலமுறை இந்தக் காய்ச்சல் வரும். தட்டம்மை மாதிரி ஒருமுறை வந்துவிட்டுப் போகிற நோய் அன்று. ஆகவே குழந்தைகளை எண்ணுவதைவிடக் காய்ச்சல்களை எண்ணுவதே இங்கே பொருத்தம்.

அப்படி எண்ணினால் என்ன கிடைக்கிறது? நான்கு தவணை பெற்ற ஆயிரம் குழந்தைகளுக்கு 1,774 காய்ச்சல்கள் தடுக்கப்பட்டன. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கையைவிடத் தடுக்கப்பட்ட நோய்களின் எண்ணிக்கை அதிகம். சதவீதக் கணக்கில் மிக உயர்ந்த தடுப்பூசிகளிலும் இப்படி ஒரு கணக்கைப் பார்ப்பது அரிது. நோய் எவ்வளவு அடிக்கடி தாக்குகிறதோ, அவ்வளவுக்கு அரைகுறைப் பாதுகாப்புக்கும் மதிப்பு கூடுகிறது. 2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறப்புகளில் ஏறத்தாழ 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

இதே பரிசோதனையில் கவலைப்பட வேண்டிய ஓர் எண்ணும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. நான்கு தவணை பெற்றவர்களிடம் உயிருக்கு ஆபத்தான கடும் மலேரியா 32 சதவீதம் குறைந்தது. மூன்று தவணையோடு நின்றுவிட்டவர்களிடம், முழுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குறைவு 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அதாவது மூன்று தவணை கொடுத்த பாதுகாப்பு சில மாதங்கள் இருந்துவிட்டுக் கரைந்துபோனது. தள்ளிப்போன நோய் பிறகு வந்து சேர்ந்தது. நான்காவது ஊசியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது முதல் கேள்வி. கொரோனாவோடு ஒப்பிடுவது இயல்புதான், ஆனால் எதிரிகள் ஒரே தரத்தில் இல்லை. கொரோனா கிருமி ஏறக்குறைய முப்பது புரதங்களைக் கொண்ட வைரஸ். அதன் முள்புரதத்தைத் தடுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி, உட்கருவும் பதினான்கு குரோமோசோம்களும் உடைய முழு உயிரணு. அதன் கொடிய வகையான ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானபோது சுமார் 5,300 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. அவற்றில் பலவற்றின் வேலை என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒட்டுண்ணிக்கு எதிராக மனிதர்களிடம் பரவலாகப் பயன்படும் தடுப்பூசி அதற்கு முன் ஒன்றுகூட இருந்ததில்லை. பின்பற்றிப் போக முன்மாதிரி ஏதும் இல்லாமலே இந்தத் துறை நடந்தது.

அனோபிலிஸ் பெண்கொசு கடிக்கும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கொசுவின் எச்சிலோடு ஸ்போரோசோயிட் எனப்படும் நூல்போன்ற ஒட்டுண்ணிகள் சில பத்துகள், மிஞ்சினால் ஒரு நூறு, தோலுக்குள் இறங்குகின்றன. அவை ஊர்ந்து ஒரு நுண்ணிய இரத்தக்குழாயைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்து, விரைவில் கல்லீரலை அடைந்து, ஒவ்வொன்றும் ஓர் உயிரணுவுக்குள் புகுந்து மறைகிறது. நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அந்தக் கல்லீரல் உயிரணு வெடிக்கும்போது, உள்ளே போன ஒன்று பல்லாயிரமாக வெளியே வருகிறது. வடிவமும் மேற்பரப்பும் மாறிவிட்டதால் இப்போது அதன் பெயரும் வேறு: மெரோசோயிட். இவை இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி, அணுக்களை உடைத்து வெளியேறுகின்றன. குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் அப்போதுதான் தொடங்குகின்றன. சில ஒட்டுண்ணிகள் ஆண், பெண் வடிவங்களாக மாறி அடுத்த கொசுவுக்காகக் காத்திருக்கின்றன.

தடுப்பூசி செய்கிறவரின் கண்ணோடு இதைப் படித்துப் பாருங்கள். தோலில் இருக்கும்போது தாக்கினால் எதிரி மிகக் குறைவு, ஆனால் அவகாசம் நிமிடங்களில்தான். அந்த நூறில் ஒன்று தப்பிக் கல்லீரலைச் சேர்ந்தாலும் போதும், ஒரு வாரத்தில் பல்லாயிரம் எதிரிகள். கல்லீரல் கட்டத்தில் தாக்க வேண்டுமானால், கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் தயாரிக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் உயிரணுவுக்குள் நுழைய முடியாது; தொற்றிய உயிரணுவையே அழிக்கும் டி அணுக்களைத் தூண்ட வேண்டும், அது இன்னும் கடினமான கலை. இரத்தக் கட்டத்தில் இலக்குகள் ஏராளம். ஆனால் மனிதச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. தனக்குள் எதிரி புகுந்துவிட்டது என்று மற்ற உயிரணுக்கள் மேற்பரப்பில் அறிவிப்பதுபோல அதனால் அறிவிக்க முடியாது. முன் கட்டத்துக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் அடுத்த கட்டத்தை அடையாளம் காண்பதும் இல்லை.

இதற்கு மேல் வேடம் மாற்றும் வித்தை. ஃபால்சிபாரம் தான் தங்கியிருக்கும் சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தைப் பதிக்கிறது. அதைக்கொண்டு இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பழுதான அணுக்களை வடிகட்டும் மண்ணீரலுக்குப் போகாமல் தப்புகிறது. மூளையின் குழாய்களில் இப்படி அடைத்துக்கொண்டால் அதுவே மூளை மலேரியா. இந்தப் புரதத்துக்கு அதனிடம் சுமார் அறுபது மரபணுக்கள் உள்ளன, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கும். உடல் அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து முடிக்கும் வேளையில் ஒட்டுண்ணி அடுத்ததற்கு மாறியிருக்கும்.

இன்னொரு வேறுபாடு எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கொரோனா வந்து குணமானவருக்குக் கொஞ்ச காலமாவது நல்ல எதிர்ப்பாற்றல் இருந்தது. உடல் செய்து காட்டியதைத் தடுப்பூசி நகல் எடுத்தால் போதும். மலேரியாவில் உடலே அதைச் சரியாகச் செய்வதில்லை. எதிர்ப்பு என்று ஒன்று இருக்கிறது என்பது 1900இலேயே ராபர்ட் கோக் நியூகினியாவில் கவனித்த செய்தி: குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் மலிந்திருக்க, பெரியவர்களிடம் அரிதாக இருந்தன. 1961இல் காம்பியாவில் கோஹன், மெக்ரிகர், காரிங்டன் மூவரும் அதை நேரடியாகவே நிறுவினார்கள். எதிர்ப்பாற்றல் பெற்ற பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து, மலேரியாவால் துடித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் செலுத்தியபோது ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் இந்த ஆற்றல் வளர ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நோய் வர வேண்டும். வந்த பிறகும் நோயின் கடுமையைத்தான் குறைக்கும், தொற்றை முழுதாகத் தடுக்காது. மலேரியா இல்லாத ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் அதுவும் தேய்ந்துவிடும். இயற்கையே எட்டாத ஒன்றைத்தான் ஆய்வாளர்களிடம் கேட்கிறோம்.

அது எட்டக்கூடியதுதான் என்ற நம்பிக்கை 1967இல் பிறந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரூத் நுஸன்ஸ்வைக், எலி மலேரியாவின் ஸ்போரோசோயிட்டுகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி எலிகளுக்குச் செலுத்தினார். பலவீனமான அந்த ஒட்டுண்ணிகள் நோயை உண்டாக்கவில்லை; பின்னர் உண்மையான ஒட்டுண்ணிகளைச் செலுத்தியபோது எலிகள் தாக்குப்பிடித்தன. 1973இல் மேரிலாந்தில் டேவிட் கிளைட் இதையே மனிதர்களிடம் செய்து பார்த்தார். முறை எளிது, நடைமுறைதான் பயங்கரம்: கதிர்வீச்சுக்கு ஆளான கொசுக்கள் தன்னார்வலர்களைக் கடிக்க வேண்டும். நல்ல பாதுகாப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிகள் தேவை என்பது பிற்பாடு தெரிந்தது. அப்படி ஒரு தடுப்பூசியை எந்தச் சுகாதார நிலையத்திலும் போட முடியாது.

எனவே ஒட்டுண்ணி முழுவதையும் விட்டுவிட்டு, அதன் ஒரு துண்டைப் பயன்படுத்தும் வழிக்குத் துறை திரும்பியது. ஸ்போரோசோயிட்டின் மேல் போர்வைபோல மூடியிருக்கும் சி.எஸ். புரதத்தின் மரபணு 1984இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் நடுவே நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்வதற்குச் சரியான இடம். ஐந்தாண்டுகளில் தடுப்பூசி வந்துவிடும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. 1987இல் முதல் பரிசோதனை நடந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டு, நோயுள்ள கொசுக்களிடம் கையை நீட்டியவர்கள் ஆறு பேர். ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். மலேரியா வராமல் தப்பியவர் ஒருவர் மட்டும். அந்த ஒருவருக்குத்தான் எதிர்ப்பொருள் அளவும் மற்றவர்களைவிட அதிகம். அந்தச் செய்தியைத் துறை சரியாகப் படித்துக்கொண்டது: இலக்கு சரி, அளவுதான் போதவில்லை.

இதே காலத்தில் கொலம்பியாவின் மனுவேல் பத்தரோயோ எஸ்.பி.எஃப்.66 என்ற செயற்கைத் தடுப்பூசியைக் கொண்டுவந்தார், இரத்தக் கட்டத்தைப் பிரதானமாகக் குறிவைத்து. தான்சானியாவில் 31 சதவீதப் பலன் என்று 1994இல் முடிவு வந்தது. பிறகு காம்பியாவிலும் தாய்லாந்திலும் நடந்த பரிசோதனைகளில் பலன் தெரியவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது. ஏழை நாட்டிலிருந்து வந்ததால் அமுக்கப்பட்டது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிசோதனை முடிவுகள்தான் அதைத் தோற்கடித்தன.

1987ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தில் இப்போது ஜி.எஸ்.கே. எனப்படும் நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையமும் சேர்ந்து ஒரு வித்தை செய்தன. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியின் புரதத்துக்குத் தானாகவே உருண்டைத் துகள்களாகச் சேரும் குணம் உண்டு. அதனோடு சி.எஸ். புரதத்தின் ஒரு பகுதியை ஒட்டினால், துகளின் மேல் மலேரியாப் புரதம் நிறைந்து நிற்கும், உடல் அதை வைரஸ் என்று எண்ணி வேகமாக எதிர்வினை செய்யும். இதுதான் ஆர்.டி.எஸ்.எஸ். ஆனால் உண்மையான திருப்பம் 1997இல் வந்தது, அதுவும் புரதத்தால் வரவில்லை. ஒரே புரதத்தை, உடலின் எதிர்வினையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கும் துணையூக்கிகள் மூன்று விதமானவற்றோடு கலந்து பார்த்தார்கள். ஒரு கலவையில் எட்டுப் பேரில் ஒருவர் தப்பினார், இன்னொன்றில் ஏழு பேரில் இருவர், மூன்றாவதில் ஏழு பேரில் ஆறு பேர். தென் அமெரிக்காவின் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சாப்போனின் அந்த மூன்றாவது கலவையில் இருந்தது. இன்று புழக்கத்தில் உள்ள இரண்டு மலேரியாத் தடுப்பூசிகளும் அதே மரப்பட்டையைத்தான் நம்பியிருக்கின்றன.

1997இல் ஏழில் ஆறு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை வந்தது 2021 அக்டோபர் 6. இடையில் 24 ஆண்டுகள். இதற்கெல்லாம் ஒட்டுண்ணியைக் குறை சொல்ல முடியாது. யாருக்கு இந்த ஊசி தேவையோ அவர்களிடம் பணம் இல்லை. பணம் உள்ளவர்களுக்கு ராணுவத்தையும் பயணிகளையும் தவிர இது தேவையே இல்லை. கொரோனாவுக்கு முன்கூட்டியே கோடிக்கணக்கான தவணைகளை வாங்கிக்கொள்ள அரசுகள் வரிசையில் நின்றன. மலேரியாவுக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு பாத் என்ற அமைப்பு மலேரியாத் தடுப்பூசிக்கென ஒரு முயற்சியை 1999இல் தொடங்கிய பிறகே ஆர்.டி.எஸ்.எஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பரிசோதிக்கும் நிலைக்கு வந்தது. மொசாம்பிக்கின் மனிசாவில் சுமார் இரண்டாயிரம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. பெரிய பரிசோதனை 2009இல்தான் தொடங்கியது.

2015இல் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்துத் தெரிவித்த பிறகும் ஆறு ஆண்டுகள் ஓடின. இந்தத் தாமதத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. பெரிய பரிசோதனையில், தடுப்பூசி பெற்ற குழுவில் மூளையுறை அழற்சியும் மூளை மலேரியாவும் சற்று அதிகமாகக் காணப்பட்டன. பெண் குழந்தைகளின் இறப்பும் சற்று அதிகம். தற்செயலா உண்மையா என்று அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே மலாவி, கானா, கென்யா மூன்றிலும் 2019இல் முன்னோடித் திட்டம் தொடங்கி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசித் திட்டத்தின் வழியாகவே போட்டார்கள். அந்த மூன்று ஐயங்களும் உறுதிப்படவில்லை. மாறாக, தடுப்பூசி கிடைத்த பகுதிகளில் அதற்குரிய வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பு 13 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து தவிர எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பில், அதுவும் எல்லாக் குழந்தைகளும் ஊசி பெற்றிராத நிலையில், பதின்மூன்று சதவீதம். எச்சரிக்கை தேவைதான். ஆனால் அனுமதிக் கருத்து வந்ததற்கும் முதல் ஊசி போட்டதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் போனதில் பெரும்பகுதி பணம் திரட்டுவதிலும் ஏற்பாடுகளிலும் கழிந்தது. பணக்கார நாடுகளின் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தால் அந்த ஏற்பாடுகள் இதைவிட வேகமாக நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது தடுப்பூசியான ஆர்21, ஆக்ஸ்ஃபோர்டின் ஜென்னர் நிலையத்தில் ஏட்ரியன் ஹில் குழு உருவாக்கியது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. அடிப்படை யோசனை அதே சி.எஸ். புரதம்தான். ஆர்.டி.எஸ்.எஸ். துகளில் பெரும்பகுதி வெறும் மஞ்சள் காமாலைப் புரதம், சிறுபகுதியில்தான் மலேரியாத் துண்டு ஒட்டியிருக்கும். ஆர்21இல் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. புர்கினா ஃபாசோவின் நனோரோவில் 450 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 77 சதவீதம் என்ற முடிவு 2021இல் வந்தபோது தலைப்புச் செய்தியானது. பிறகு நான்கு நாடுகளில் சுமார் 4,800 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டத்தில், முதல் பன்னிரண்டு மாதங்களில், மழைக்காலத்தில் மட்டும் மலேரியா வரும் இடங்களில் 75 சதவீதமும் ஆண்டு முழுவதும் வரும் இடங்களில் 68 சதவீதமும் கிடைத்தன. 2023 அக்டோபரில் பரிந்துரையும் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 75ஐயும் 36ஐயும் பக்கத்தில் வைத்து, புதியது இருமடங்கு சிறந்தது என்று சொல்வது தவறு. ஒன்று முதலாண்டுக் கணக்கு, அதிலும் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு ஊசி போட்டது. மற்றது நான்கு ஆண்டுக் கணக்கு. ஆர்.டி.எஸ்.எஸ். கூட முதலாண்டில் பாதிக்கு மேல் பலன் காட்டியது. இரண்டையும் ஒரே இடத்தில் நேருக்குநேர் வைத்துப் பார்க்காமல் எது மேல் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும் அதுதான். ஆர்21இன் உண்மையான பங்களிப்பு வேறு. ஆர்.டி.எஸ்.எஸ். அப்போது தவணைக்கு ஒன்பது யூரோவுக்கு மேல் இருந்தது. 2023 முதல் 2025 வரையான மூன்று ஆண்டுகளுக்கு, பன்னிரண்டு நாடுகளுக்குமாகச் சேர்த்து 1.8 கோடித் தவணைகள்தான் ஒதுக்க முடிந்தது. ஆர்21 இரண்டு முதல் நான்கு டாலர் விலையில் ஆண்டுக்குப் பத்துக் கோடித் தவணை தயாரிக்க முடியும் என்ற நிலையோடு வந்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் ஆர்.டி.எஸ்.எஸ். தயாரிப்பை ஏற்று, 2028க்குள் விலையை ஐந்து டாலருக்குக் கீழே கொண்டுவருவதாக 2025இல் அறிவித்ததும் இந்தப் போட்டிக்குப் பிறகுதான்.

எந்த வேளையில் போடுகிறோம் என்பதே பலனை மாற்றுகிறது என்பதற்கு இன்னும் நல்ல சான்று, 2021இல் வெளியான மாலி, புர்கினா ஃபாசோ ஆய்வு. மழைக்காலத்தில் மாதந்தோறும் குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. அதோடு பருவத்துக்கு முன் ஆர்.டி.எஸ்.எஸ். ஊசியும் சேர்த்தபோது, மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான கடும் மலேரியா சுமார் 70 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி எதுவும் மாறவில்லை, நாட்காட்டிதான் மாறியது.

இனி இடர்ப்பாடுகள். முதலாவது, எதிர்ப்பொருள்கள் விரைவாக வடிந்துவிடுகின்றன. கென்யாவின் கிலிஃபியில் மூன்று தவணை பெற்ற குழந்தைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், முழுக் காலத்துக்குமான பலன் 4.4 சதவீதமாகச் சுருங்கியது. கொசுக்கடி அதிகமான பகுதிகளில் ஐந்தாவது ஆண்டில் தடுப்பூசி போட்டவர்களுக்கே மலேரியா சற்று அதிகமாக வந்தது. காரணம் ஊகிக்கக்கூடியது: பாதுகாப்பு இருந்த காலத்தில் இயற்கையான எதிர்ப்பாற்றல் வளர வாய்ப்புக் குறைந்திருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு வயதில் வரும் மலேரியாவும் ஆறு வயதில் வரும் மலேரியாவும் ஒன்றல்ல. உயிரைக் குடிப்பது பெரும்பாலும் முதலாவதுதான். அதைத் தள்ளிப்போடுவதே ஒரு வெற்றி என்று நான் கருதுகிறேன்.

வடிந்துவிடுவதால் ஊக்கத் தவணை தேவை. அங்கேதான் நடைமுறைச் சிக்கல். மலேரியா ஊசி ஐந்து மாத வயதில் தொடங்குகிறது, முதல் மூன்று தவணைகள் மாதம் ஒன்றாக. மற்றக் குழந்தைப்பருவ ஊசிகளின் நாட்களோடு இவை பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. நான்காவதோ இரண்டாவது வயதில். அதற்காகவே கைக்குழந்தையோ இன்னொரு கர்ப்பமோ உள்ள ஒரு தாய், நடந்தோ வாடகை கொடுத்தோ சுகாதார நிலையத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். முன்னோடித் திட்டங்களில் முதல் தவணைக்கு வந்த பலர் நான்காவதற்கு வரவில்லை. கடும் மலேரியாவில் அந்த நான்காவது ஊசி என்ன வேறுபாட்டைக் கொடுத்தது என்பதை மேலே பார்த்தோம்.

இரண்டாவது, எல்லா முட்டைகளும் ஒரே கூடையில். இரண்டு தடுப்பூசிகளும் சி.எஸ். என்ற ஒரே புரதத்தை, அதிலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 3டி7 என்ற ஒரே ஆய்வகக் கிளையின் வடிவத்தை வைத்துச் செய்யப்பட்டவை. 2015இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த வடிவத்தோடு ஒத்த ஒட்டுண்ணிகளிடம் ஆர்.டி.எஸ்.எஸ். 50 சதவீதமும் ஒவ்வாதவற்றிடம் 33 சதவீதமும் பலன் தந்ததாகக் காட்டியது. நடுவில் வரும் தொடர் எல்லாக் கிளைகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால்தான் இந்த அளவாவது தாக்குப்பிடிக்கிறது. ஏ.எம்.ஏ.1 என்ற இரத்தக் கட்டப் புரதத்துக்கு அந்தப் பேறு இல்லை. மாலியில் நடந்த பரிசோதனையில், தடுப்பூசியில் இருந்த வடிவத்தோடு ஒத்த ஒட்டுண்ணிகளிடம் 64 சதவீதம். எல்லா ஒட்டுண்ணிகளையும் சேர்த்தால் 17 சதவீதம். ஆய்வகத்தில் ஒளிர்ந்தது களத்தில் அணைந்த கதை.

அதனால்தான் ஆர்.எச்.5 என்ற புரதத்தை நான் ஆர்வத்தோடு கவனிக்கிறேன். மெரோசோயிட் சிவப்பணுவுக்குள் நுழைய வேண்டுமானால், அந்த அணுவின் மேலுள்ள பேசிஜின் என்ற புரதத்தை ஆர்.எச்.5 பற்றியாக வேண்டும். வேறு வழி அதற்குக் கிடையாது, ஆகவே வேடம் மாற்றும் சலுகையும் இங்கே குறைவு. இந்தத் தொடர்பு 2011இல் வெளியானது. சிக்கல் வேகம்தான்: நுழைவு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குள் தடுக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிகுந்திருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் டிரேப்பர் குழு உருவாக்கிய ஆர்.எச்.5 தடுப்பூசி, புர்கினா ஃபாசோவில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டு, மூன்றாம் தவணையை மாதங்கள் கழித்துக் கொடுத்த முறையில் 55 சதவீதப் பலன் காட்டியது என்று 2024இல் முடிவு வெளியானது. பல ஆண்டுத் தோல்விகளுக்குப் பிறகு இரத்தக் கட்டத் தடுப்பூசி ஒன்று களத்தில் நின்றது பெரிய செய்தி. ஆர்21உடன் இதைச் சேர்த்தால், கல்லீரலுக்குத் தப்பி வரும் ஒட்டுண்ணியை இரத்தத்தில் மறிக்க இரண்டாவது அரண் கிடைக்கும். அடுத்த பாய்ச்சல் வந்தால் இங்கிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

முழு ஒட்டுண்ணி வழியும் சாகவில்லை. சனாரியா என்ற அமெரிக்க நிறுவனம் கொசுக்களின் எச்சில் சுரப்பிகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அறுத்து ஸ்போரோசோயிட்டுகளை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, இரத்தநாளம் வழியாகச் செலுத்தும் தடுப்பூசியைச் செய்தது. 2013இல் உயர்ந்த அளவில் ஐந்து தவணை பெற்ற ஆறு பேருமே தப்பினார்கள். ஆனால் கென்யக் கைக்குழந்தைகளிடம் ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. நெதர்லாந்தின் லெய்டனில் வேறு விதமாக முயல்கிறார்கள்: ஒரு மரபணுவை நீக்கி, ஒட்டுண்ணி கல்லீரலில் ஏறத்தாழ ஆறாம் நாள் வரை வளர்ந்து பிறகு தானே நின்றுபோகும்படி செய்தார்கள். உடல் அதைப் பார்த்துப் பழகுவதற்கு நேரம் கூடுகிறது. 2024இல் வந்த முடிவில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் தப்பினார்கள். முதல் நாளே நின்றுபோகும் பழைய வடிவத்தில் எட்டுப் பேரில் ஒருவர்தான். சிறிய எண்ணிக்கைதான், கொசுக்கடி வழியாகத்தான் கொடுத்தார்கள், என்றாலும் அந்த வேறுபாடு கண்ணில் அறைகிறது.

ஊசியால் எதிர்ப்பொருளைத் தூண்டுவதற்குப் பதிலாக, தயாரித்த எதிர்ப்பொருளையே செலுத்தும் வழியும் இருக்கிறது. எல்9எல்எஸ் என்ற எதிர்ப்பொருளின் ஒரே ஊசி, மாலியில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை மழைக்காலம் முழுவதும் காய்ச்சலிலிருந்து 77 சதவீதம் வரை காத்தது. விலை குறைந்தால் பருவகால மலேரியாவுக்கு இது பொருந்தும். கொசுவுக்குள் ஒட்டுண்ணி வளர்வதைத் தடுக்கும் தடுப்பூசிகளும் ஆய்வில் உள்ளன. ஊசி போட்டவருக்கு நேரடிப் பயன் இல்லை, ஊருக்குத்தான் பயன் என்பதால் அவற்றை ஏற்கவைப்பது தனிச் சிரமம்.

வைவாக்ஸ் வகை மலேரியா இந்தக் கணக்கில் எப்போதும் கடைசி வரிசையில்தான். ஃபால்சிபாரத்தை 1976 முதல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. வைவாக்ஸை இன்னும் முடியவில்லை, அதனால் ஒவ்வொரு ஆய்வுக்கும் நோயாளிகளின் இரத்தத்தை நம்ப வேண்டியிருக்கிறது. மேலும் அது கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு மீண்டும் எழும். தற்போதைய இரண்டு ஊசிகளும் அதைத் தொடுவதில்லை. ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் மலேரியா உள்ள பல பகுதிகளுக்கு இவை பெரிதாக உதவாததற்கு இதுவே முதற்காரணம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கேமரூன் 2024 ஜனவரியில் தொடங்கிவைத்த பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் இந்த ஊசியைத் தம் திட்டத்தில் சேர்த்துவிட்டன. வாங்குவதற்கான பணத்தில் பெரும்பங்கு காவி என்ற தடுப்பூசிக் கூட்டணியினுடையது. 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் கூட்டத்தில் அது கேட்டது 1,190 கோடி டாலர். உறுதியானது 900 கோடிக்குச் சற்று மேல். அமெரிக்கா இனி தரமாட்டேன் என்று அப்போது அறிவித்தது. உற்பத்தி பற்றாக்குறையாக இருந்த காலம் போய், மருந்து இருந்தும் வாங்கப் பணம் இல்லாத காலம் வந்திருக்கிறது. கொசுவலைக்கும் மாத்திரைக்கும் ஒதுக்கியதை எடுத்து ஊசிக்குப் போட்டால் அது இன்னும் மோசம். மேலே சொன்ன மாலி ஆய்வின் பலன் அனைத்தும் சேர்த்துக் கொடுத்ததால் வந்தது.

ஆப்பிரிக்கா செல்லும் முன் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. முடியாது. இரண்டுமே மலேரியா மிகுந்த பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பெரியவர்களான பயணிகளுக்கு இவை பரிந்துரைக்கப்படவில்லை. பயணிகளுக்கு இன்றும் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் பூச்சிவிரட்டியும்தான். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.